கொழுப்பு மாத்திரையும் என் இரண்டு காதும்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி மூன்றாவது தடவையாக உள்ளே. எங்கள் ஹெப்பகோடி முழுக்கச் சேறு.

இது கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. மே கடைசி வரை வெறும் பக்கம். இன்றிலிருந்து எழுதப்போகிறேன். நாக்கின் இடது ஓரத்தில் வந்த புற்றை வெட்டி எடுத்து ஒரு மாதம் ஆகிறது. பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நீ பேசாம இருந்தா வயிறு உப்பிடும், எங்கயாச்சும் எழுதி வை" என்கிறார் சேகர். இருபது வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதர், தெரிந்துதான் சொல்கிறார்.

பேசினாலும் 'ர' வரவில்லை. அவரைக் கூப்பிட்டால் 'சேகல்' என்றுதான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பாப்பாவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வாங்க: மெத்தென்ற பிரஷ். சோடா உப்பு. பெரிய ஃபிளாஸ்க். தலையணை உறை இரண்டு.

நாளை டாக்டரம்மா. அடுத்து என்ன வைத்தியம் என்று நாளைக்குத் தெரியும்.

ஜூன் 4, புதன்

திட்டம் இது. 33 நாள் ரேடியேஷன். கூடவே மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை சிஸ்பிளாட்டின் என்கிற மருந்து, ட்ரிப்ஸில். முடி அவ்வளவாகக் கொட்டாது. வாந்தி வரும். கிட்னியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"சிலருக்குக் காது கேக்கறது குறையும் அமலா. கீச்சுனு மேல இருக்கற சத்தம்தான் மொதல்ல போகும். போனா திரும்பி வராது."

அங்கே தலையாட்டல் நின்றது.

என் சோறே காது. மிக்ஸி மோட்டார் கம்பெனியில் பதினாறு வருடமாக சவுண்ட் ரூம். மோட்டாரை மாட்டி, ஓட்டி, பத்து எண்ணுவதற்குள் ஓகே அல்லது ரிஜெக்ட். மீட்டர் ஒன்று இருக்கிறது, அது எவ்வளவு சத்தம் என்று மட்டும் சொல்லும். என்ன சத்தம் என்று நான் சொல்ல வேண்டும். பேரிங் கெடப்போகிற மோட்டார் மெல்லிசாகக் கீச்சென்னும். அந்தக் கீச்சுதான் முதலில் போகுமாம்.

அப்பா ஞாபகம். கே.ஜி.எஃப். சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். எனக்கு விவரம் தெரிந்தபோதே அவருக்குக் காது இல்லை. எங்கள் லைன் வீடுகளில் பாதி ஆம்பளைகளுக்கு இல்லை. வீட்டுக்கு வீடு கத்தல். சண்டை என்று வெளியாட்கள் நினைப்பார்கள், சாப்பிடக் கூப்பிடுவதாக இருக்கும்.

டாக்டரம்மா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சேகர்: "கொழுப்பு மாத்திரை மேடம். ரெண்டு வருஷமா."

நான் தரையைப் பார்த்தேன். ரெண்டு மாதம்தான் சாப்பிட்டேன். ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க விட முடியாது என்று கம்பெனி லைனில் யாரோ சொல்ல, நிறுத்திவிட்டேன். மிச்ச அட்டைகள் தையல் மிஷின் டிராயரில். சேகருக்கு இது தெரியாது. ஒப்புக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "திரும்ப ஆரம்பிங்க. இன்னிக்கே. உங்க ரிப்போர்ட்டுக்கு எப்படியும் வேணும். இன்னொண்ணும் இருக்கு. இந்த சிஸ்பிளாட்டின் ஏத்துனவங்கள்ல, ஏற்கெனவே இந்த மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்களுக்குக் காது அவ்வளவா கெடலன்னு பாத்திருக்காங்க. ஏன்னு முழுசாத் தெரியல. கேரண்டின்னு நான் சொல்ல மாட்டேன்."

சேகர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "இருபது வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன் மேடம், இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு. யாரும் காதுல போட்டுக்கல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு, தையல் இழுத்தது. வலித்தாலும் சிரித்தேன். கேரண்டி இல்லை என்று அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே வந்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் முதல் கொழுப்பு மாத்திரை, இனிமேல் சுருக்கமாகக் கொ.மா.

ஜூன் 5, வியாழன்

காது டெஸ்ட். மருந்து ஏறுவதற்கு முன்னால் காது எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்வார்களாம், பிறகு ஒப்பிட.

சின்னக் கண்ணாடி ரூம். காதில் ஹெட்ஃபோன், கையில் பட்டன். டெஸ்ட் செய்யும் பெண் பெயர் சௌம்யா, மைசூர்ப் பக்கம், தமிழ் நன்றாகப் பேசுகிறாள். "சவுண்ட் கேட்டா அமுக்குங்க. எவ்வளோ சின்னதா இருந்தாலும்."

அமுக்கினேன். அமுக்கினேன். அமுக்கினேன். கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அம்மா, நான் சவுண்டே குடுக்கல. நீங்க அமுக்கறீங்க."

"கேட்டுச்சே."

மறுபடி. மறுபடியும் அதே. மூன்றாவது தடவை அவள் குரலில் கொஞ்சம் எரிச்சல். "குருட்டாம்போக்குல அமுக்கக் கூடாது அம்மா. ரிசல்ட் தப்பா வரும்."

பதினாறு வருடத்தில் என்னை யாரும் குருட்டாம்போக்கு என்று சொன்னதில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மேலே காட்டினேன். கூரையில் காற்றுக்காக ஒரு சின்ன ஃபேன். "பேலிங் போகுது. விட்டு விட்டுக் கத்துது." 'ர' வராததால் அவளுக்குப் புரியவில்லை. எழுதிக் காட்டினேன். அண்ணாந்து கொஞ்ச நேரம் நின்றாள். "எனக்கு ஒண்ணும் கேளிசல்லம்மா," பாதி கன்னடம் வந்துவிட்டது. ஃபேனை நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஒரு தப்புக்கூட இல்லை.

ஷீட்டில் இரண்டு காதுக்கும் கோடு மேலேயே நேராக ஓடுகிறது. "நாப்பத்தி நாலு வயசுக்கு இது சூப்பர்" என்றாள். கொ.மா. பற்றி எழுதிக் காட்டினேன். கன்னடத்திலும் அப்படித்தானாம்: கொழுப்புக்குக் கொப்பு. திமிர் பிடித்தவளுக்கும் அதே கொப்பு. இரண்டு பேரும் அதற்கே சிரித்தோம்.

ஜூன் 9, திங்கள்

முதல் ரேடியேஷன், முதல் ட்ரிப்ஸ். முகமூடி போட்டு மேஜையோடு பூட்டிவிடுகிறார்கள். பயந்தேன். மிஷின் சத்தம் வந்ததும் பயம் போயிற்று. நல்ல மோட்டார், சீராக ஓடுகிறது.

ட்ரிப்ஸ் முழு நாள். பக்கத்து நாற்காலியில் கிரிஜம்மா, ஆனேக்கல், ஐம்பது இருக்கும். தொண்டையில் புற்று. அதே மருந்து. கன்னடத்தில் ஆரம்பித்து நான் தமிழ் என்றதும் தமிழுக்கு மாறி, நடுநடுவே இரண்டும். மருமகள், மாடு, கோவில் தேர் என்று மாலை வரை. என்னால் பேச முடியாது என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அவருக்கும் கொ.மா. உண்டா என்று எழுதிக் கேட்டேன். "எனக்கு ஒடம்புல கொப்பே இல்லையாம் கண்ணு. ரத்தம் சுத்தமா இருக்குதாம்." பெருமையாகச் சொன்னார்.

ஜூன் 13, வெள்ளி

வாந்தி மூன்று நாள். இன்று இல்லை. கஞ்சி நின்றது.

லைன் லீடர் மஞ்சு போன். நான் பேச வேண்டாம், கேட்டால் போதும் என்று கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தார். "உங்க எடத்துல ரெண்டு பேர் மாத்தி மாத்திப் போட்டேன் மேடம். மீட்டரைப் பாத்து ஓகே போட்டுடறாங்க. கடையில இருந்து திரும்பி வருது. நீங்க சொல்ப சீக்கிரம் வாங்க." மனுஷன் நோய் விசாரிக்கக் கூப்பிட்டாரா, வேலைக்குக் கூப்பிட்டாரா தெரியவில்லை. ஆனால் சந்தோஷம். போனை வைத்ததும் கொ.மா. அட்டையை எடுத்து எத்தனை போட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். ஒன்றும் விடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது காது டெஸ்ட். கோடு இம்மியும் நகரவில்லை. சௌம்யா இரண்டு ஷீட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒரே கோடு. கூரை ஃபேனுக்குப் புது பேரிங் போட்டுவிட்டார்களாம். கழற்றிய ஆள் "யார் கண்டுபிடிச்சது" என்று கேட்டானாம்.

டாக்டரம்மாவிடம் மாத்திரைதானே என்றேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒரே டோஸ்தான் ஏறியிருக்கு, அதுக்குள்ள ஆடாதீங்க." ஆடவில்லை. மனசுக்குள் மட்டும்.

வாய்ப்புண் ஆரம்பம். சட்னிக்கு ஒரு கும்பிடு.

ஜூன் 30, திங்கள்

இரண்டாவது ட்ரிப்ஸ். கிரிஜம்மா வந்தார். பேச்சு குறைவு. இரண்டு தடவை நர்ஸ் கூப்பிட்டும் திரும்பவில்லை. காதுக்குள் வண்டு இருக்கிறது என்கிறார்.

ஜூலை 7, திங்கள்

வாய் முழுக்கப் புண். தண்ணீர் விழுங்கினாலே கண்ணாடித் துண்டு விழுங்குகிற வலி. முந்தாநாளும் நேற்றும் கொ.மா. போடவில்லை. சேகரிடம் போட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். இரண்டு வருடப் பொய்க்கே இன்னும் மன்னிப்பு முடியவில்லை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் கட்டிலில் படுத்திருந்தேன். சத்தம். கீஈஈ என்று மெல்லிசாக. நிற்கவே இல்லை. வலது காதா, இடதா தெரியவில்லை. ஜன்னலை மூடினேன், இருக்கிறது. காதைப் பொத்தினேன், குறைந்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும்.

டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். முதலில் இரைச்சல் வரும், அப்புறம் கேட்பது குறையும் என்று. கிரிஜம்மாவின் வண்டு. வந்துவிட்டது எனக்கும். இரண்டே நாள் மாத்திரையை விட்டேன், அதற்குள்ளே.

அழுதேன். அழுதால் மூக்கு ஒழுகி வாய் எரிகிறது, அழக்கூட வழியில்லை. சேகர் அத்திபெலேயில் லாரி ஷெட்டில் லோடு கணக்கு எடுத்துக்கொண்டிருப்பார். மெசேஜ் அடித்தேன்: மாத்திரையை ரெண்டு நாள் விட்டுட்டேன். காது போகுது.

ஒரு மணி நேரத்தில் ஆளே வந்து நின்றார், ஹெல்மெட்டோடு. திட்டவில்லை. வரும் வழியிலேயே மருந்துக்கடையில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார், பொடித்துக் கொடுக்கலாமா என்று. கொடுக்கலாமாம். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, ஆறின கஞ்சித் தண்ணியில் கலக்கி, பாதி ஸ்பூன் பாதி ஸ்பூனாக. நாளைக்கு ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். சத்தம் அப்படியே.

ஜூலை 9, புதன்

எழுதக் கை ஓடவில்லை, சந்தோஷத்தில். வரிசையாக எழுதுகிறேன்.

காலை ரேடியேஷன். டாக்டரம்மா ஊரில் இல்லை. சௌம்யா அடுத்த வார வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கே வரச் சொன்னாள். வீட்டுக்கு வந்து படுத்தேன். கீஈஈ. கரெண்ட் போயிற்று. எங்கள் ஏரியாவில் மத்தியானக் கரெண்ட் போவது புதிது இல்லை.

சத்தமும் போயிற்று.

எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை, துப்புரவாக. தெருவில் காய்கறி வண்டிக்காரர் குரல், குக்கர் விசில், அவ்வளவுதான். காதுக்குள் இருக்கிற வண்டுக்குக் கரெண்ட் எதற்கு?

கரெண்ட் வந்தது. கீஈஈ.

ஹாலில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜ், இல்லை. போன் சார்ஜர், இல்லை. டிவி பெட்டிக்குச் சேகர் முந்தாநாள் ராத்திரி மாற்றிய புது அடாப்டர். பிடுங்கினேன், நின்றது. செருகினேன், வந்தது. பிடுங்கி, செருகி, பிடுங்கி, செருகி, பைத்தியக்காரி மாதிரி நின்றேன். பதினாறு வருடம் சவுண்ட் ரூமில் இருந்தவள் நேற்றே செய்திருக்க வேண்டிய வேலை. பயம் என்னையே ரிஜெக்ட் போட வைத்துவிட்டது.

சேகர் வந்ததும் அவர் காதோரம் அடாப்டரைப் பிடித்தேன். "ஒண்ணும் கேக்கலையே." கீழ்வீட்டு அக்கா வந்தார், அவருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பா மட்டும் "கொசு" என்றாள். நான்கு வயதுக் குழந்தைக்குக் கேட்கிற சத்தம், இரண்டு டோஸ் ஏறின எனக்குக் கேட்கிறது. பாப்பாவுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன், வாய்ப்புண்ணோடு. தாங்க முடியாத வலி. பரவாயில்லை.

கொ.மா. பொடித்தது, முழுசாக உள்ளே போயிற்று.

ஜூலை 18, வெள்ளி

மூன்றாவது டெஸ்ட். வலது அப்படியே. இடது அப்படியே. மூன்றாவது டோஸுக்கு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். காது கெட்டிருந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்குமாம். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு அடுத்து கிரிஜம்மா உள்ளே போனார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஷீட்டை நீட்டினார். கோடு பாதியிலிருந்து சரிந்து கீழே கிடக்கிறது. அவருக்குச் சிஸ்பிளாட்டின் நிறுத்தம், வேறு மருந்து.

பையில் கொ.மா. அட்டை இருந்தது. கை அதன் மேலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று பத்து நிமிடம். சேகர் பார்த்துவிட்டார். "அமலா, வேணாம். டாக்டரைக் கேளு." சீட்டில் எழுதிப் போய்க் கேட்டேன். டாக்டரம்மா உட்காரச் சொன்னார். "அவங்க லிவர் டெஸ்ட் சரியில்ல, தர முடியாது. போன காது இதுல திரும்பவும் வராது. நல்லா இருக்கறப்பவே காப்பாத்துதான்னுதான் இன்னும் பாத்துட்டிருக்காங்க. உங்களுக்குக் கேக்குதுன்னா அதுக்குச் சந்தோஷப்படுங்க."

திரும்பி வந்து கிரிஜம்மாவுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தேன். எனக்குக் குரல் இல்லை, அவருக்குக் காது இல்லை. அப்பாவிடம் பேசுகிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்தேன், மெதுவாக, அவர் கண்ணைப் பார்த்து: சாப்டீங்களா.

கொஞ்ச நேரம் உதட்டையே பார்த்தார். "சாப்ட்டேன் கண்ணு. ராகி அம்பளி" என்றார்.

மாடு எப்படி இருக்கு. மருமக எப்படி. எல்லாம் உதட்டில். ஐந்தில் மூன்று பிடித்துவிட்டார். மருமகளுக்கும் இப்படிப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும், திங்கள் கிழமை கூட்டி வாருங்கள் என்றேன். "அவ வாய மூடிட்டுப் பேசுனா எனக்குச் சொர்க்கம்" என்றார். சேகர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ஜூலை 21, திங்கள்

மூன்றாவது, கடைசி ட்ரிப்ஸ். மழை. கிரிஜம்மா மருமகளோடு வந்தார். நல்ல பெண், தூக்கம் இல்லாத கண். ஒரு மணி நேரம் மூவரும் உதடு.

ஜூலை 23, புதன்

முப்பத்து மூன்றாவது ரேடியேஷன். முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று ஓடி வந்தோம்.

எடை: வேண்டாம், எழுதவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில், நல்ல வெயில். காலையில் தோசை கால்வாசி, பாலில் ஊறவைத்து. ருசி தெரியவில்லை, தோசை என்று தெரிந்தது.

கடைசிக் காது டெஸ்ட். கையெல்லாம் வேர்வை, பட்டன் வழுக்கியது. சௌம்யா ஷீட்டை எடுத்ததும் முதல் ஷீட்டைத் தேடினாள். என் உயிர் போய் வந்தது.

வலது: அதே. இடது: எல்லாம் அதே, கடைசிப் புள்ளி மட்டும் ஒரு படி இறக்கம். ரொம்ப மேலே, நான் வேலையில் கேட்கிற கீச்சுக்கும் மேலே. "இது இறக்கம்னே சொல்ல மாட்டோம்" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா: வேலைக்குப் போகலாம், இரண்டு மாதம் கழித்து. கொ.மா. தொடர வேண்டும், ரத்த டெஸ்டோடு. "அதனாலதான் காது நின்னுச்சான்னு கேட்டா, எனக்குத் தெரியாது அமலா. உங்க ஒருத்தர வெச்சு சொல்ல முடியாது." சரி என்றேன். தெரியாமலே இருக்கட்டும். சாப்பிடுவேன்.

மஞ்சுவுக்கு மெசேஜ். ஏழு கும்பிடு அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் சேகர் சிரித்துப் பேசி, மாடித் துணியை எடுத்து, எனக்குப் பருப்புச் சாதம் அரைக்கக் கிச்சனுக்குள் போனார். இரண்டு மாதமாக எல்லாவற்றையும் அவர்தான் அரைக்கிறார். நான் ஹாலில், கிச்சன் வாசலுக்கு நேராக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மிக்ஸி ஓடுகிறது. அது ஓடும்போது வீட்டில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அவருக்கு அது தெரியும். அதனால்தான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"பயந்துட்டேன்டி அமலா. செத்துப்போயிடுவியோன்னு பயந்துட்டேன். ரெண்டு மாசமாத் தூங்கல."

பதினாறு வருடமாக மிக்ஸி சத்தத்துக்குப் பின்னால் இருப்பதைக் கேட்பதுதான் என் வேலை.

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. மிக்ஸி நின்றுவிட்டது, வருகிறார்